மொஹல்லா கங்காபூர், பரேலி

ரொம்ப நாளாக எழுத நினைத்துத் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்த விஷயம் இது. மார்ச் என்றால் கணக்கு முடிவு, செப்டம்பர் என்றால் அரையாண்டு முடிவு, நடுவில் ஆடிட் என்று வங்கிக்காரனுக்குச் சாக்கா இல்லை! ஆனால் உண்மைக் காரணம் அதுவல்ல. இதை எழுதினால் என்னைப் பற்றியும் கொஞ்சம் எழுத வேண்டியிருக்கும். அதனால்தான் தயக்கம்.

முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். நான் வரலாறு படித்தவன் இல்லை. கடலூர்ப் பக்கத்து கிராமத்தில் பிறந்து, பி.காம். முடித்து, பரீட்சை எழுதி வங்கிக்கு வந்தவன். கணக்கு ஒத்துப்போகவில்லை என்றால் எங்கே இடிக்கிறது என்று தேடுகிற புத்தி மட்டும் உண்டு. இந்தக் கட்டுரையும் அப்படி ஒரு தேடலில் வந்ததுதான்.

டெல்லிக்கு வருவதற்கு முன் மூன்று வருடம் பரேலியில் இருந்தேன். உத்தரப் பிரதேசத்தில், டெல்லிக்கும் லக்னோவுக்கும் ஏறக்குறைய நடுவில் இருக்கிற ஊர். பழைய இந்திப் பாட்டு கேட்பவர்களுக்கு 'மேரா சாயா' படத்து ஜிமிக்கி ஞாபகம் வரும். கண்ணுக்கு இடும் சுர்மா, பட்டம் விடும் மாஞ்சா நூல், மூங்கில் சாமான்கள் என்று ஊருக்கு வேறு பெருமைகளும் உண்டு. நம்ம ஆட்கள் அங்கேயுமா என்று கேட்காதீர்கள். இஜ்ஜத்நகரில் கால்நடை ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. ரயில்வே பணிமனை இருக்கிறது. கன்டோன்மென்ட் இருக்கிறது. இந்த மூன்றும் இருந்தால் அங்கே தமிழ்க் குடும்பம் இல்லாமல் இருக்குமா? பொங்கலன்று ஒருவர் வீட்டில் கூடினால் முப்பது பேர் தேறுவோம்.

அங்கே எங்கள் கிளையில் தெருவோர வியாபாரிகளுக்கு அப்போது கொடுத்த பத்தாயிரம் ரூபாய்க் கடன் விண்ணப்பங்கள் நிறைய வரும். 2020ல் ஆரம்பித்த திட்டம். ஒவ்வொரு விண்ணப்பத்திலும் ஆதாரைப் பார்த்து முகவரியைச் சரிபார்க்க வேண்டும். மொஹல்லா இன்னது, மொஹல்லா இன்னது என்று பார்த்துப் பார்த்து பரேலியின் பேட்டைகள் எல்லாம் எனக்கு மனப்பாடம். அதில் ஒன்று கங்காபூர். சந்து பொந்துகளும், ஈ-ரிக்‌ஷாக்களும், வாசலில் காயும் துணிகளுமாக, எல்லா ஊரிலும் இருக்கிற மாதிரி ஒரு பழைய பேட்டை.

ஒரு நாள் நண்பர் ஒருவர் ஒரு படத்தை அனுப்பினார். அவர் மகள் இங்கிலாந்தில் சவுத்தாம்ப்டனில் படிக்கிறாள். விடுமுறையில் பக்கத்தில் இருக்கிற நியூ ஃபாரஸ்ட் என்னும் காட்டுப் பகுதியைச் சுற்றிப் பார்க்கப் போயிருக்கிறாள். அங்கே பிராக்கன்ஹர்ஸ்ட் என்ற ஊரில் ஒரு பழைய தேவாலயம். அதன் இடுகாட்டில் இருந்த ஒரு கல்லைப் படம் எடுத்து, "அங்கிள் இருக்கும் ஊர் பெயர் இதில் இருக்கிறது" என்று அப்பாவுக்கு அனுப்ப, அவர் எனக்கு அனுப்பினார்.

பெரிதாக்கிப் பார்த்தேன். சுகா என்று ஒரு பெயர். பரேலி நகரம், ஐக்கிய மாகாணங்கள். மொஹல்லா கங்காபூர்.

காலையில்தான் அதே முகவரிக்கு ஒரு காய்கறி வண்டிக்காரரின் கடனை அனுமதித்துக் கையெழுத்துப் போட்டிருந்தேன்.

யார் இந்த சுகா?

அந்தக் கல்லில் இருப்பதன் சாரம் இதுதான். இதை நிறுத்தியவர்கள் பிராக்கன்ஹர்ஸ்ட் ஊர் மக்கள். நாட்டையும் வீட்டையும் நண்பர்களையும் விட்டுவிட்டுப் போருக்குச் சேவை செய்ய வந்தவர். காயம்பட்ட இந்தியச் சிப்பாய்களுக்காக அந்த ஊரில் நடந்த லேடி ஹார்டிங் மருத்துவமனையில் எளிய பணியாளர். 1915 ஜனவரி 12ல் மறைந்தார். வயது 30. கிறிஸ்தவர் அல்ல, ஆனால் பிறருக்காகத் தன் வாழ்வைக் கொடுத்தவர். கடைசியில், எல்லோருக்கும் கடவுள் ஒருவரே என்ற பொருளில் ஒரு பைபிள் வாசகம்.

எளிய பணியாளர் என்று கல்லில் நாகரிகமாகப் போட்டிருக்கிறார்கள். அவர் பார்த்தது துப்புரவு வேலை. செத்தது குண்டடி பட்டு இல்லை. நிமோனியா.

நமக்கு முதல் உலகப்போர் என்றால் 'எம்டன்'தான். 1914 செப்டம்பர் 22ந் தேதி ராத்திரி அந்த ஜெர்மன் கப்பல் சென்னைத் துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டுவிட்டுப் போனது. எங்கள் பாட்டி அடங்காத ஆளை "சரியான எம்டன்" என்பாள். கப்பல் பெயர் என்று அவளுக்குத் தெரியாது! ஆனால் அது சென்னையைச் சுட்டு நாலே நாளில், செப்டம்பர் 26ந் தேதி, இந்தியச் சிப்பாய்களை ஏற்றிய கப்பல்கள் பிரான்சின் மார்செய் துறைமுகத்தை அடைந்தன. லாகூர் டிவிஷன் முதலில், மீரட் டிவிஷன் பின்னால். அந்த மீரட் டிவிஷனுக்குள் ஒரு படைப்பிரிவின் பெயரே பரேலி பிரிகேட். போர் முடிவதற்குள் பிரான்சுக்கும் பெல்ஜியத்துக்கும் போன இந்தியர்கள் ஒரு லட்சத்துக்கும் மேல்.

போனவர்கள் கையில் இருந்தது வெயில் நாட்டுக்கான பருத்திக் காக்கி. முன்னால் இருந்தது ஐரோப்பாவின் குளிர்காலம். பதுங்குகுழியில் முழங்கால் வரை சேறு. கம்பளி உடுப்பு எல்லோருக்கும் வந்து சேர்வதற்குள் குளிர் வந்து சேர்ந்துவிட்டது. காயம் ஒரு பக்கம், நெஞ்சுச் சளி, காய்ச்சல், உறைபனியில் கால் மரத்துப் புண்ணாவது ஒரு பக்கம். நிமோனியாவுக்கு அன்றைக்கு மருந்தே கிடையாது. சல்ஃபா மருந்துகள் வந்தது 1930களில். பென்சிலின் புழக்கத்துக்கு வந்தது அடுத்த உலகப்போரில். 1915ல் ஒருவருக்கு நிமோனியா வந்தால் டாக்டர் செய்யக்கூடியது கம்பளியைப் போர்த்திவிட்டு, காய்ச்சல் தானாக இறங்குகிறதா என்று காத்திருப்பது மட்டும்தான்.

காயம்பட்ட இந்தியர்களைத் தெற்கு இங்கிலாந்துக்குக் கொண்டுவந்தார்கள். பிரைட்டனில் ஒரு அரண்மனையையே ஆஸ்பத்திரி ஆக்கினார்கள். பிராக்கன்ஹர்ஸ்டில் ஹோட்டல்களை எடுத்துக்கொண்டார்கள். அங்கேயே தகரக் கொட்டகைகள் போட்டு எழுந்ததுதான் லேடி ஹார்டிங் மருத்துவமனை. அப்போதைய வைஸ்ராயின் மனைவி அவர். போர் ஆரம்பிக்கச் சில வாரங்களுக்கு முன், 1914 ஜூலையில் இறந்துபோனார். டெல்லிவாசிகள் கன்னாட் பிளேஸ் பக்கத்தில் லேடி ஹார்டிங் ஆஸ்பத்திரியைத் தினம் பார்ப்பீர்கள். அதே அம்மாள்தான். இப்போது அந்த வழியாகப் பஸ்ஸில் போகும்போதெல்லாம் எனக்குப் பரேலி ஞாபகம் வருகிறது.

ஒன்பது சமையலறைகள்

அந்த ஆஸ்பத்திரிகளை நடத்திய விதத்தைப் படித்தால் ஆச்சரியமாக இருக்கும். பிரைட்டன் அரண்மனையில் மட்டும் ஒன்பது சமையலறைகள். முஸ்லிம்களுக்கு, அசைவ இந்துக்களுக்கு, சைவ இந்துக்களுக்கு என்று தனித்தனி. சமைப்பவரும் அந்தந்தப் பிரிவைச் சேர்ந்தவர். தண்ணீர்க் குழாய்கூட இந்துக்களுக்கு ஒன்று, முஸ்லிம்களுக்கு ஒன்று. அறிவிப்புப் பலகைகள் உருது, இந்தி, குர்முகி மூன்றிலும். இந்தியக் காயம்பட்டோர் நலனைக் கவனிக்க சர் வால்டர் லாரன்ஸ் என்று ஒரு ஆணையரையே போட்டிருந்தார்கள். காஷ்மீரில் வேலை பார்த்தவர், இந்தியாவை நன்றாகத் தெரிந்தவர்.

வெள்ளைக்காரனுக்கு நம் மேல் இவ்வளவு பாசமா என்று கேட்டால், 1857 என்பதுதான் பதில். தோட்டாவில் தடவிய கொழுப்பு எந்த மிருகத்துடையது என்ற சந்தேகத்தில் பற்றி எரிந்த நெருப்பை அவர்கள் மறக்கவில்லை. இங்கிலாந்தில் எங்கள் ஆசாரத்தைக் கெடுத்துவிட்டார்கள் என்று ஒரு சிப்பாய் ஊருக்குக் கடிதம் எழுதினால் அடுத்த வருடம் பட்டாளத்துக்கு ஆள் கிடைக்காது. அதனால் கணக்குப் பார்த்துச் செய்த ஏற்பாடு அது. ஆனாலும் ஏற்பாடு ஏற்பாடுதான், குறை சொல்ல முடியாது.

ஆனால் ஒரு விஷயம். சாதியை அப்படியே கப்பலேற்றிக் கொண்டுபோனால் சாதியின் கீழ்ப்படியையும் கொண்டுபோகத்தானே வேண்டும்? கழிப்பறை கழுவவும் வார்டு பெருக்கவும் மற்றவர்கள் கை வைக்க மாட்டார்கள். அதற்கென்று அந்தச் சாதி ஆட்களை இந்தியாவிலிருந்தே கூட்டிப்போனார்கள். படிப்படியாகக் கட்டிய அந்தக் கட்டிடத்தின் அடித்தளத்தில் நின்றவர்களில் ஒருவர் கங்காபூர் சுகா.

இவர்களுக்குப் பட்டாளத்தில் பெயர் 'ஃபாலோயர்'. பின்னால் வருகிறவர். சமையல்காரர், தண்ணீர் தூக்கி, கழுதை ஓட்டி, டோலி தூக்கி, சலவைக்காரர், செருப்புத் தைப்பவர், துப்புரவுக்காரர் எல்லோரும் ஃபாலோயர். 1919 கடைசி வரை இந்தியாவில் திரட்டிய ஆட்கள் மொத்தம் 14 லட்சத்துக்கும் மேல். அதில் ஆயுதம் ஏந்தியவர்கள் 8.77 லட்சம். ஆயுதம் இல்லாதவர்கள் 5.63 லட்சம். ஐந்தில் இரண்டு பேர் துப்பாக்கியே பிடிக்காதவர்கள்! பள்ளிக்கூடப் புத்தகத்தில் ஒரு வரி பார்த்திருக்கிறோமா? ராதிகா சிங்கா என்ற வரலாற்றாசிரியர் 2020ல் இவர்களைப் பற்றித் தனியாக ஒரு ஆங்கிலப் புத்தகமே எழுதினார். நூறு வருடம் ஆகியிருக்கிறது.

ஒரு சவம், இரண்டு வாசல்

சுகா இறந்தார். இனி என்ன செய்வது?

பிரைட்டன் ஆஸ்பத்திரிகளில் இறந்த இந்து, சீக்கியச் சிப்பாய்களை ஊருக்கு வெளியே பேச்சம் என்ற மேட்டு நிலத்தில் முறைப்படி எரியூட்டினார்கள். 53 பேர். அந்த இடத்தில் வெள்ளைச் சலவைக்கல்லில் ஒரு சத்திரி, நம் பாஷையில் குடை மண்டபம், எழுப்பி 1921 பிப்ரவரி 1ல் திறந்தார்கள். இன்றும் இருக்கிறது. முஸ்லிம்களுக்கு வோக்கிங் பக்கத்தில் இடம். அங்கே 1889லேயே மசூதி கட்டியாகிவிட்டது. பட்டாளத்து முஸ்லிம்களுக்கென்று தனி இடுகாடும் 1917ல் முடிந்தது.

பிராக்கன்ஹர்ஸ்டில் நூறு வருடமாகச் சொல்லிவரும் செய்தி இது. தீண்டத்தகாதவர் என்பதால் சுகாவுக்கு எரியூட்ட உடன் இருந்த இந்துக்கள் சம்மதிக்கவில்லை. முஸ்லிம் அல்ல என்பதால் வோக்கிங்கிலும் இடம் கிடைக்கவில்லை. இரண்டு வாசலும் சாத்திவிட்டது. அப்போது அந்த ஊர்ப் பாதிரியார் ஆர்தர் சேம்பர்ஸ் முன்வந்து, எங்கள் தேவாலய இடுகாட்டில் வையுங்கள் என்றார். புனித நிக்கோலஸ் தேவாலயம். ஊர் மக்கள் காசு போட்டுக் கல் வைத்தார்கள்.

அந்த இடுகாட்டைப் பற்றிப் படிக்கப் படிக்க எனக்குப் பிடித்துப்போனது. ஆயிரம் வருடத்துக்கு மேல் வயதான ஒரு யூ மரம் நிற்கிறது. காட்டுக்குள் குடிசை போட்டு வாழ்ந்து 1905ல் இறந்த பிரஷர் மில்ஸ் என்ற பாம்பு பிடிக்கிறவர் அங்கே இருக்கிறார். இந்தியர்கள் போன பிறகு 1916ல் அந்த ஆஸ்பத்திரி நியூசிலாந்துக்காரர்கள் கைக்குப் போனது. அவர்களில் 93 பேர் அங்கே வரிசையாக இருக்கிறார்கள். ஒவ்வொரு ஏப்ரலிலும் அவர்களுக்காக அங்கே அஞ்சலி நடக்கிறது. எங்கெங்கோ பிறந்த கூட்டத்தின் நடுவில் நம்ம பரேலிக்காரர்.

சரி, இதைப் படித்தவுடன் "பார்த்தீர்களா, வெள்ளைக்காரன்தான் மனிதன்" என்று முடித்துவிடத் தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் பேரேட்டின் அடுத்த பக்கத்தையும் புரட்ட வேண்டும் இல்லையா?

போர்க் கல்லறைகளைப் பராமரிக்க 1917ல் ஒரு ஆணையம் அமைத்தார்கள். பதவி, இனம், மதம் எதையும் பார்க்காமல் எல்லோருக்கும் ஒரே மாதிரி கல் என்பது அதன் கொள்கை. நல்ல கொள்கை. பிரான்சில் நவ் ஷாப்பெல் நினைவிடத்தில், 1927ல் திறந்தது, 4,700க்கும் மேற்பட்ட இந்தியர் பெயர்களை வெட்டிவைத்தார்கள். ஆனால் ஈராக்கில் பாஸ்ரா நினைவுச் சுவரில் அதிகாரிகளுக்குப் பெயர் இருந்தது. சாதாரண இந்தியச் சிப்பாய்கள் ரெஜிமென்ட் வாரியாக வெறும் எண்ணிக்கை. இன்ன படையில் இத்தனை பேர், அவ்வளவுதான். 2021 ஏப்ரலில் அதே ஆணையம் ஒரு அறிக்கை வெளியிட்டு ஒப்புக்கொண்டது. ஆப்பிரிக்கா, மேற்கு ஆசியா, இந்தியா என்று குறைந்தது 1,16,000 பேர், ஒருவேளை 3,50,000 பேர் வரை, பெயர் சொல்லியோ அல்லது எந்த வகையிலோ நினைவுகூரப்படவே இல்லை. காரணம் அன்றைய பாரபட்சம். பிரிட்டிஷ் அரசும் மன்னிப்புக் கேட்டது.

ஆக, ஒரு ஊர் செய்த நல்லதும் உண்மை, ஒரு சாம்ராஜ்யம் செய்த கெட்டதும் உண்மை. ஒன்றைக் காட்டி மற்றதைக் கழித்துவிட முடியாது. டெபிட்டும் கிரெடிட்டும் தனித்தனியாகத்தான் எழுத வேண்டும். பிராக்கன்ஹர்ஸ்ட்காரர்கள் பக்கத்தில் போய்ச் செத்ததால் சுகாவுக்குப் பெயர் கிடைத்தது. அதே சுகா பாஸ்ராவில் செத்திருந்தால் பெரும்பாலும் ஒரு எண்ணில் ஒன்றாகக் கரைந்திருப்பார்.

இப்போது என் கதை

அந்தப் படத்தை இரண்டு வாரம் போனில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஏன் இப்படி உறுத்துகிறது என்று முதலில் புரியவில்லை. பிறகு புரிந்தது.

அதற்குச் சில மாதங்களுக்கு முன், கடுங்குளிர் நாளில், எங்கள் தமிழ்க் குடும்பங்களில் ஒரு பெரியவர் தவறிப்போனார். மகன் வீட்டுக்கு வந்து தங்கியிருந்தவர். அவருக்கும் நிமோனியாதான். பனிமூட்டத்தில் ரயில் எல்லாம் பத்து மணி நேரம் தாமதம். ஊருக்கு எடுத்துப்போக வழியில்லை, இங்கேயே காரியம் செய்துவிடலாம் என்று முடிவானது. எங்களில் யாருக்கும் எதுவும் தெரியாது. விறகு எங்கே, ரசீது யாரிடம், பச்சை மூங்கில் எங்கே கிடைக்கும், மண்சட்டி எங்கே? ஊரில் என்றால் சொல்லி அனுப்பினால் வீட்டு வாசலுக்கு வந்துவிடும். இங்கே நாலு தோள் சேர்ப்பதே பாடு. வெளியூரில் இருக்கிற உங்களுக்கு நான் இதை விளக்க வேண்டியதில்லை.

அன்றைக்கு எல்லாவற்றையும் செய்தவர் எங்கள் கிளையின் பகுதிநேரத் துப்புரவுப் பணியாளர். போன் பண்ணினேன். அரை மணியில் சைக்கிளில் வந்தார். மூங்கில் வாங்கினார், கட்டினார், வண்டி பிடித்தார், மயானத்தில் பேசினார். ஈர விறகைத் தள்ளிவிட்டுக் காய்ந்ததாகப் பார்த்து எடுக்க வைத்தார். மறுநாள் ராம்கங்காவில் அஸ்தி கரைக்கவும் கூடவே வந்தார். எங்கள் பையன்கள் தயங்கி நின்ற இடத்தில் எல்லாம் அவர்தான் முன்னால் நின்றார்.

எல்லாம் முடிந்து வீட்டு வாசலில் குளித்துவிட்டு உட்கார்ந்தோம். உள்ளிருந்து டீ வந்தது. ஸ்டீல் டம்ளரில். எண்ணி வந்ததில் ஒன்று குறைந்தது. உள்ளே போய் இன்னொரு டம்ளர் எடுத்துவர எனக்கு ஒரு நிமிடம் ஆகியிருக்கும். நான் என்ன செய்தேன் தெரியுமா? திண்ணையில் கிடந்த பேப்பர் கப்பை எடுத்து, அதில் ஊற்றி, அவரிடம் கொடுத்தேன். யாரும் என்னை அப்படிச் செய்யச் சொல்லவில்லை. வீட்டுக்காரர்களுக்கு இது தெரியவே தெரியாது. யோசித்தும் செய்யவில்லை. கை தானாகப் போனது.

அவர் வாங்கிக்கொண்டு இரண்டு எட்டு தள்ளிப்போய் நின்று குடித்தார். அவர் காலும் தானாகத்தான் போனது.

எங்கள் ஊரில் டீக்கடையில் இரட்டைக் குவளை இருந்ததைச் சின்ன வயதில் பார்த்தவன் நான். சுடுகாடும் இரண்டு. வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. மழைக்காலத்தில் அந்தப் பக்கத்துக்குப் பாதையே இருக்காது. வயல் வழியாகச் சவத்தைத் தூக்கிப்போக விடமாட்டார்கள். கல்லூரிக் காலத்தில் இதைப் பற்றி ஆவேசமாகப் பேசியிருக்கிறேன். நான் அதையெல்லாம் தாண்டி வந்துவிட்டேன், இரண்டாயிரம் கிலோமீட்டர் தள்ளி வந்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். தாண்டவில்லை. சூட்கேஸில் வைத்துக் கொண்டு வந்திருக்கிறேன். 1914ல் கப்பலில் ஏற்றிக்கொண்டு போனார்களே, அதே மாதிரி.

சுகாவுக்கு எரியூட்ட மறுத்தவர்களை நினைத்துப் பார்க்கிறேன். அவர்களும் கெட்டவர்களாக இருந்திருக்க மாட்டார்கள். குளிரில் நடுங்கிக்கொண்டு, வீட்டை நினைத்து அழுதுகொண்டு, தாங்களே அந்நிய மண்ணில் அகதி மாதிரிக் கிடந்தவர்கள். அவர்கள் வார்டைத் தினமும் பெருக்கியவர் அவர். ஆனாலும் கை தானாகப் பின்னால் போயிருக்கும்.

ஒரு கேள்வி

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். மூன்று வருடத்தில் மாதாமாதம் அவருடைய சம்பள விவரத்துக்கு ஒப்புதல் கொடுத்திருக்கிறேன். கிளையில் எல்லோரும் ஒரு செல்லப் பெயரில் கூப்பிடுவோம். அவர் முழுப்பெயர் என்ன, அப்பா பெயர் என்ன, எந்த மொஹல்லா என்று ஒரு தடவையும் நான் பார்த்ததில்லை. வாடிக்கையாளர் ஆதாரை எழுத்து எழுத்தாகப் படிக்கிற ஆள் நான்! படத்தைப் பார்த்த பிறகுதான் எடுத்துப் பார்த்தேன். கங்காபூர் இல்லை, வேறு பேட்டை. பெயரை இங்கே எழுதப் போவதில்லை. அவரைக் கேட்காமல் போடுவது முறையில்லை. எனக்குத் தெரியும், அது போதும்.

மாற்றல் உத்தரவு வந்த வாரம், சாயங்காலம் கிளையைச் சாத்தும் நேரத்தில் அவரை உட்காரச் சொன்னேன். என் எதிர் நாற்காலியில். ரொம்பத் தயங்கி நுனியில் உட்கார்ந்தார். போனில் அந்தக் கல்லைக் காட்டி, எனக்குத் தெரிந்த இந்தியில் கதையைச் சொன்னேன். பேப்பர் கப் பற்றியும் சொல்ல நினைத்தேன். வாய் வரவில்லை.

அவர் ரொம்ப நேரம் படத்தையே பார்த்தார். பிறகு ஒன்றே ஒன்று கேட்டார்.

"சாப், இவர் வீட்டுக்குச் சேதி யார் சொன்னாங்க?"

பாதிரியார், கல், ஆணையம், அறிக்கை என்று அவ்வளவு படித்த எனக்கு இந்தக் கேள்வி தோன்றவே இல்லை. கங்காபூரில் ஒரு வீட்டில் அம்மாவோ மனைவியோ வாசலைப் பார்த்துக்கொண்டு இருந்திருப்பார்கள். தபால்காரர் அந்தத் தெருவுக்குள் வந்திருந்தாலும், படித்துச் சொல்ல வீட்டில் ஆள் வேண்டும். நான் பதில் சொல்லவில்லை. அவரும் எதிர்பார்க்கவில்லை. "சரி சாப்" என்று எழுந்து, ஜன்னல்களைச் சாத்தப் போனார்.

வங்கியில் பத்து வருடம் யாரும் கேட்காத டெபாசிட்டை ரிசர்வ் வங்கி நிதிக்கு அனுப்பிவிடுவோம். ஆனால் கணக்கை அழிக்க மாட்டோம். என்றைக்கு உரியவர் வந்தாலும் பெயர் இருந்தால் பணம் கிடைக்கும். பெயர் இருக்க வேண்டும், அவ்வளவுதான். சுகாவுக்குப் பெயரும் முகவரியும் இருக்கிறது. அதனால்தான் 108 வருடம் கழித்து ஒரு தமிழன் அந்தப் பேட்டையின் சந்தில் நின்று, இங்கேயா இருந்தார் என்று யோசிக்க முடிந்தது. ஆமாம், போனேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை. யாரையும் எதுவும் கேட்கவில்லை. ஒரு டீ குடித்துவிட்டு வந்தேன்.

கடைசியாக உங்களுக்கு இரண்டு வேண்டுகோள்.

ஒன்று: ஊருக்குப் போகும்போது பழைய தாலுகா ஆபீஸ் சுவர், பழைய பள்ளிக்கூடச் சுவர் எல்லாவற்றையும் ஒரு பார்வை பாருங்கள். இந்தக் கிராமத்திலிருந்து இத்தனை பேர் 1914–1919 போருக்குப் போனார்கள், இத்தனை பேர் உயிர் விட்டார்கள் என்று ஆங்கிலத்தில் பொறித்த சலவைக்கல் தமிழ்நாட்டிலும் பல ஊர்களில் உண்டு. அதிலும் பெயர் இருக்காது, எண்தான் இருக்கும். மதராஸ் சாப்பர்ஸ் படையில் போனவர்களில் நிறையப் பேர் ஊருக்கு வெளியே குடியிருந்தவர்கள். வீட்டுப் பெரியவர்கள் யாருக்காவது ஒரு பெயர் ஞாபகம் இருந்தால் எழுதி வையுங்கள்.

இரண்டு: நாம் எல்லோரும் பிழைக்க வந்த ஊரில் இருக்கிறோம். நமக்கு ஒன்று என்றால் முதலில் ஓடிவருவது சொந்தக்காரன் இல்லை. குப்பை எடுக்கிறவர், பால் போடுகிறவர், வாட்ச்மேன். அவர்களுடைய முழுப்பெயர் நமக்குத் தெரியுமா என்று இன்றைக்கு ஒரு தடவை யோசித்துப் பாருங்கள். தெரியாவிட்டால் கேளுங்கள்.

டீ கொடுக்கும்போது கையையும் கொஞ்சம் கவனியுங்கள். நான் இப்போது கவனிக்கிறேன்.